உளநல ஆதரவுக் குழுவில் வரவுக் கொப்பி வைக்கலாமா?

வாய்க்கால்கரை (கேள்வி)

வணக்கம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில், தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்திலிருந்து இதை எழுதுகிறேன். எங்களிடம் ஒரு சிறிய குழு இருக்கிறது. மனநலக் கிளினிக்கில் ஒரே வாங்கில் காத்திருந்து பழகிய நான்கு பெண்கள் தொடங்கியது. இப்போது ஒன்பது பேர் வருகிறோம், அவர்களில் மூவர் ஆண்கள். வைத்தியரோ உளவளத்துணையாளரோ எங்களை நடத்துவதில்லை. வருகிற எல்லோருமே குளிசை எடுப்பவர்கள், அல்லது ஒரு காலத்தில் எடுத்தவர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிறு பின்னேரம் முன்பள்ளிக் கட்டடத்தில் கூடுகிறோம். அங்குள்ள கதிரைகள் நான்கு வயதுப் பிள்ளைகளின் அளவுக்குச் செய்யப்பட்டவை என்பதால் பாயில்தான் இருக்க முடியும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே பெரிதாக எதுவும் நடப்பதாகத் தெரியாது. ஒவ்வொருவராகத் தத்தமது இரண்டு கிழமையைச் சொல்வோம். சொல்ல விரும்பாதவர் "எனக்கு இண்டைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு இருக்கலாம். புத்தி சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் விதி. அதையும் மாதத்தில் இரண்டு தடவையாவது யாரேனும் மீறுவார்கள், பெரும்பாலும் நான்தான். ஒருநாள், காதில் குரல் கேட்கிற எங்கள் அண்ணர் ஒருவர், கடையில் மிச்சக் காசை எண்ணும்போது அந்தக் குரல் குறுக்கே வேறு எண்களைச் சொல்லிக் குழப்புவதால் எவ்வளவு காசு என்றாலும் எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். அவரே சிரித்தபடி சொன்னதால் நாங்களும் சிரித்தோம். வீட்டில் அதைச் சொன்னால் அழுவார்கள், கிளினிக்கில் சொன்னால் குளிசையைக் கூட்டுவார்கள், இங்கே மட்டும்தான் சிரிக்கலாம் என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். கூட்டம் முடிந்ததும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்போம். அவ்வளவுதான்.

இரண்டு மாதங்களுக்கு முன்னர் கிளினிக்கில் பணிபுரிகிற ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், எங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டு மகிழ்ச்சி தெரிவித்தார். வருபவர்களின் வரவைப் பதிந்து, யார் ஒழுங்காகக் குளிசை எடுக்கிறார், யார் எடுக்கவில்லை என்பதையும் குறித்து மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் தங்களுக்குப் பேருதவியாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார். குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தால் கதிரை, பாய், ஒரு சிறு உதவித் தொகைகூடக் கிடைக்க வழியுண்டு என்று இன்னொருவர் சொல்லி, உறுப்பினர் விபரப் படிவம் ஒன்றையும் தந்தார். நானும் கடையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, இலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், குளிசை, கையொப்பம் என்று ஐந்து நிரல் போட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

அன்று நடந்ததை மறக்க முடியவில்லை. குரல் கேட்கிற அந்த அண்ணர் பேனையை வாங்கினார். மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார், கொப்பியின் மேல் வைத்தார், "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழுந்து போனவர் வரவேயில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் முதல் நாட்களிலிருந்தே இருந்தவர். படிவத்தில் 'வீட்டில் உள்ளோர் தொகை' என்றிருந்த கட்டத்தில் விரலை வைத்து, "பிள்ளை, அவனையும் சேர்த்தோ, சேர்க்காமலோ?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஐந்து பேரே வந்தார்கள்.

இப்போது வருகிறவர்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. பதிவு இல்லாத கூட்டம் நிலைக்காது, ஒருவர் குளிசையை விட்டு விழுந்துபோனால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்பது ஒன்று. கொப்பி வந்த அன்றே அது எங்கள் கூட்டம் இல்லாமல் போய்விட்டது என்பது மற்றது. இப்படியான குழுக்களில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? கிளினிக்கைப் பகைத்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நானே இன்று இல்லை.

---

மல்லாவியான்

தங்கச்சி, உங்கள் அண்ணர் பேனையை மூடி வைத்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. துணுக்காய்ப் பக்கம் இப்படியொரு குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அதற்கு முன்னர் இருந்த ஒரு குழுவை என் கையாலேயே கெடுத்தவனும் நான்தான்.

எங்கள் ஊர்களில் கையெழுத்து என்பது வெறும் கையெழுத்து அல்ல. 2009 இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்; எத்தனை பதிவு, எத்தனை பட்டியல், எத்தனை தரம் பெயர் வாசிப்பு. மீளக்குடியேறி வந்த பிறகு வீட்டுத் திட்டத்துக்கு ஒரு பட்டியல், நிவாரணத்துக்கு ஒன்று, யாரென்று சொல்லாமல் வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் எழுதிக்கொண்டு போவது இன்னொன்று. அதற்குப் பிறகு நுண்கடன் வந்தது. இன்றைக்கும் எங்கள் கிராமத்தில் 'குழு' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கடன் குழுதான். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று, ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டிய ஏற்பாடு அது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவித்தது. அதன் பின்னும், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் வயலுக்குள் இறங்குகிற பழக்கம் சிலருக்கு விடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில், குழு என்று சொல்லிக் கூப்பிட்டு, அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு, பக்கத்தில் இருக்கிறவர் குளிசை எடுத்தாரா என்று குறிக்கவும் சொன்னால், அது அவர்களுக்கு எதைப் போலத் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் நிலை பற்றி 2010 இல் எழுதிய ஆய்வில், மனவடு என்பது தனியாளின் தலைக்குள் மட்டும் இருப்பதல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்ற கருத்தை விரிவாக எடுத்துவைத்தார். ஒருவரை ஒருவர் நம்புவதுதான் இங்கே முதலில் உடைந்தது என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன். உங்கள் பாயில் நடப்பது அந்த உடைவின் மேல் ஒவ்வொரு நூலாக இழுத்துக் கட்டுகிற வேலை. மருந்தை வைத்தியசாலை தரும். இதை அங்கே தரமாட்டார்கள், தரவும் முடியாது.

நான் கெடுத்த கதைக்கு வருகிறேன். ஒரு திட்டத்தின் கீழ் தொடங்கிய குழு அது. வருகிற ஒவ்வொருவருக்கும் போக்குவரத்துக் காசு, ஒரு பெட்டி சிற்றுண்டி, கையொப்பம், கடைசியில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம். பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர் இருந்தது. திட்டம் முடிந்த அடுத்த மாதம் நான் மண்டபத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வந்தது போன மாதக் காசு தனக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பதற்கு. மற்ற இருவரும் நானும்தான் இப்போதைய குழுவின் முதல் மூவர். இப்போது எங்களிடம் பெயர்ப் பட்டியல் கிடையாது. வாசலில் ஒரு பழைய பால்மாத் தகரமும் ஒரு சிரட்டையில் புளியங்கொட்டையும் இருக்கும். வருகிறவர் ஒரு கொட்டையை எடுத்துத் தகரத்துக்குள் போட்டுவிட்டு உள்ளே வருவார். முடிந்த பிறகு எண்ணி, திகதிக்கு நேரே அந்த எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்வோம். யாராவது கணக்குக் கேட்டால் அதைத்தான் காட்டுகிறோம். சில நாட்களில் கொட்டை ஒன்று கூடவும் இருக்கும்; வர முடியாத ஒருவருக்காக வேறொருவர் போட்டிருப்பார். நாங்கள் அதைத் திருத்துவதில்லை.

இது ஏதோ எங்கள் ஊர்ப் பயத்தால் வந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியை விட முயன்ற இருவர் தொடங்கிய அமைப்பு, உலகெங்கும் பரவிய பின்னரும், வருகிறவர் முழுப் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்பதைத் தன் அடிப்படையாகவே வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இத்தகைய குழுக்களுக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வருவதும் போவதும் அவரவர் விருப்பம், குழுவை நடத்துவது அனுபவப்பட்டவர்களே, அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும் என்பவைதான் அதன் சாரம். கிளினிக்கில் கேட்டால் இதை மரியாதையாகச் சொல்லுங்கள். மறுப்புச் சொல்வதும் பகைப்பதும் ஒன்றல்ல.

---

மூத்தவன்

மேலே ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் வீட்டில் இருக்கிறவர்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் புதுக்குடியிருப்பு. என் தம்பிக்குப் பதினோரு வருடமாக நோய் இருக்கிறது. அவனும் இப்படியொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், நானே சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவேன். ஒரு வைகாசி மாதம் அவன் குளிசையை நிறுத்திவிட்டான். எனக்குத் தெரியாது, வெறும் குளிசை அட்டைகளைத் தலையணைக்குக் கீழே வைத்து என்னை ஏமாற்றியிருந்தான். மூன்றாம் கிழமை வீட்டை விட்டு இறங்கியவனை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன சனத்துக்குள் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தோம். காலில் செருப்பு இல்லை, உள்ளங்கால் முழுவதும் கொப்புளம்.

பிறகுதான் தெரிந்தது, குளிசையை நிறுத்தியதை அவன் கூட்டத்தில் சொல்லியிருக்கிறான். இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும் என்பதால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அவர்களைத் திட்டினேன், இப்போதும் எனக்கு அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை. கொப்பி வேண்டாம் என்று சொல்லுங்கள், புளியங்கொட்டை போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கொப்புளத்துக்கு மருந்து போட்டவன் நான்.

---

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா

வவுனியாவில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் கடைசிப் பத்து வருடம் மனநலப் பிரிவு. கேள்வி கேட்ட பிள்ளையிடம் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் கேட்ட அதே உதவியை நானும் என் சேவைக் காலத்தில் இரண்டு குழுக்களிடம் கேட்டிருக்கிறேன். காரணம் எளிது. கிளினிக்குக்கு ஒரு மாதம் வராத ஆளைத் தேடிப் போக எங்களிடம் ஆட்களும் இல்லை, வாகனமும் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு வீட்டைத் தேடிப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும். ஊருக்குள் ஒரு குழு இருக்கிறது என்று கேள்விப்பட்டால், அது எங்கள் கண்ணாகவும் காதாகவும் இருக்காதா என்ற ஆசை வந்துவிடும். அது தவறு என்று பின்னர்தான் விளங்கியது, ஏனென்றால் நாங்கள் கேட்ட பிறகு அந்த இரண்டு குழுவிலும் ஆட்கள் எங்களிடம் சொல்லக்கூடியதை மட்டுமே தங்களுக்குள்ளும் பேசத் தொடங்கினார்கள்.

குளிசைக் கணக்கு கிளினிக்கின் வேலை, அதற்குக் கிளினிக் அட்டை இருக்கிறது. ஆனால் குழுவில் இருப்பவர்கள் மருந்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. அதற்குக் கொப்பி தேவையில்லை, ஒரு பின்னேரம் போதும்.

மனம் அளவுமீறி எழுவதும் தாழ்வதுமான இருதுருவ நோய்க்குத் தருகிற லிதியம் எடுப்பவர்கள் எங்கள் பகுதியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வயலில் நின்று வியர்த்து, தண்ணீர் போதாமல் போனால் இரத்தத்தில் லிதியத்தின் அளவு ஏறிவிடும். வயிற்றோட்டம், வாந்தி வந்தாலும் அப்படித்தான். அரிவுவெட்டுக் காலத்தில் இடுப்பு நோவுக்கென்று கடையில் வாங்கிப் போடுகிற டைக்குளோபினாக், ஐபுபுரொபன் போன்றவையும் அதை ஏற்றும். பரசிற்றமோல் போடலாம். கை வழமைக்கு மாறாகப் பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால், குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடும் மனநோய்க்குத் தருகிற குளோசபின் எடுப்பவர் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால், நினைவு வந்ததும் பழைய அளவில் தானாகத் தொடங்கக் கூடாது. மறுபடியும் சிறு அளவிலிருந்து ஏற்ற வேண்டும், அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும். அதே மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் இரத்தம் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். மூன்றாம் நாளே "ஒன்றும் செய்யவில்லை" என்று நிறுத்துபவர்களிடம், அந்த நாட்களை ஏற்கெனவே கடந்து வந்த ஒருவர் சொல்வது நாங்கள் சொல்வதைவிட நன்றாகக் காதில் ஏறும்.

இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தன் உயிரை மாய்க்கப் போவதாகவோ, இன்னொருவருக்குத் தீங்கு செய்யப் போவதாகவோ ஒருவர் சொன்னால் அது குழுவுக்குள் நிற்கக் கூடாத சொல். இதை முதல் நாளே, யாரும் அந்த நிலையில் இல்லாதபோதே, எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வழக்காகிவிடும் என்று இன்னமும் பலர் அஞ்சுகிறார்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. அப்படியானவரைத் தனியே விடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பயிருக்கு அடிக்கிற மருந்து இருந்தால் அதைப் பேச்சு இல்லாமல் வேறு வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த மட்டத்தில் இருந்த இந்நாட்டின் தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததற்கு, கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது ஒரு முக்கிய காரணம். எட்டாத தூரத்தில் வைப்பதும் ஒரு மருத்துவம்தான். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மூத்தவன் தம்பி, குளிசையை நிறுத்துவது மேற்சொன்ன எல்லைக்குள் நேராக வராது. அதனால்தான் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் செய்தது முழுக்கச் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். "அண்ணாவுக்கு நீ சொல்லுகிறாயா, நான் சொல்லட்டா?" என்று உங்கள் தம்பியிடம் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

---

பாலைப்பழம்

முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இருதுருவ நோய், லிதியம் எடுக்கிறேன், தாதி அம்மா சொன்ன கை நடுக்கத்தையும் ஒருமுறை பார்த்தவள். பட்டியலில் எழுதப்படுகிற ஆள் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

எனக்கு முதலில் நோய் வந்தபோது அயலில் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டியது" என்றார்கள். அது ஒரு மனநல வைத்தியசாலை இருக்கிற ஊரின் பெயர் என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது, ஏச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பிறகு என்னைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் மற்றவர்களே எழுதினார்கள். நூல் கட்டியவர் எழுதினார், கிளினிக்கில் எழுதினார்கள், உதவித் திட்டக்காரர் எழுதினார்கள். ஆகவே காகிதம் என்றாலே எனக்கு ஒவ்வாது என்றுதான் இருந்தேன். மூத்தவன் அண்ணாவின் தம்பிக்கு நடந்ததைப் போல எனக்கும் நடந்த பிறகு, எங்கள் குழுவில் ஒரு அக்கா சொன்னதன் பேரில், நான் நன்றாக இருந்த ஒரு மாதத்தில், என் கையெழுத்திலேயே ஒரு அட்டை எழுதினேன். பிள்ளையின் சித்திரக் கொப்பி மட்டையின் பின்பக்கம் அது.

அதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். "விடிய மூன்று மணிக்கு முற்றம் கூட்டத் தொடங்கினால் எனக்கு வருத்தம் வருகுது. இரண்டு நாள் தொடர்ந்து கூட்டினால் அக்காவுக்குச் சொல்லலாம். சாமான்களைத் தானம் கொடுக்கத் தொடங்கினால் எவரையும் கேட்காமல் அம்மாவுக்குச் சொல்லலாம். மாமாவுக்குச் சொல்ல வேண்டாம். என்னோடு வாதாட வேண்டாம், நான் வெல்லுவேன். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது முச்சக்கர வண்டியில் போகலாம், பஸ்ஸில் வேண்டாம். மூத்த மகளை அன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்." கீழே திகதி போட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று அந்த அக்காவிடம், ஒன்று அம்மாவிடம். வேறு யாரிடமும் இல்லை. கடந்த இரண்டு வருடத்தில் ஒருமுறை அது பயன்பட்டது. அன்று அக்காவோடு சண்டை பிடித்தேன், அக்கா அட்டையை எடுத்து நீட்டினா, என் கையெழுத்தோடு நானே சண்டை பிடிக்க முடியாமல் போய்விட்டது.

மூத்தவன் அண்ணா, உங்கள் தம்பி இப்போது தெளிவாக இருந்தால், யாருக்கு, எப்போது, எதைச் சொல்லலாம் என்று அவரையே எழுதச் சொல்லிப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் வராமலும் போகலாம். அதற்கும் ஆயத்தமாக இருங்கள். வாய்க்கால்கரை அக்கா, உங்கள் கொப்பியில் ஐந்து நிரல் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதில் எந்த ஒன்றை நிரப்புவதற்காவது அந்த ஒன்பது பேரையும் கேட்டீர்களா?

---

வாய்க்கால்கரை

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பாலைப்பழம் தங்கச்சியின் கடைசிக் கேள்விக்குப் பதில், இல்லை, கேட்கவில்லை. அது எனக்கு உறைத்தது.

நேற்றைய கூட்டத்துக்கு முதல் நாள், குரல் கேட்கிற அண்ணரின் வீட்டுக்குப் போய், கொப்பியை அவரிடமே கொடுத்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன். கோடு கிழித்த பக்கங்களைப் பார்த்துவிட்டு, "நல்ல நேராக் கிழிச்சிருக்கிறாய்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்துக்கு வந்தார், ஆனால் பாயில் இருக்கவில்லை, வாசற்படியில் இருந்தார். ஏழு பேர் வந்திருந்தோம். எழுதியிருந்த இரண்டு தாள்களையும் எல்லோர் முன்னிலையிலும் கிழித்து, தேநீருக்கு மூட்டிய அடுப்பிலேயே போட்டேன். மிச்சக் கொப்பி சீனி, தேயிலைக் கணக்குக்கு. பெயர் அட்டவணை இனி இல்லை என்பதில் ஒருவருக்கும் மறுப்பு இருக்கவில்லை. உயிராபத்தான பேச்சு வந்தால் அது வெளியே போகும் என்பதை உரத்துச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டோம்.

அட்டை விடயத்தில் அவ்வளவு இலகுவாக முடியவில்லை. நால்வர் எழுதுவதாகச் சொல்லி மட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருவர், தனக்குச் சொல்ல ஆளில்லை என்றார்; அதற்கு என்ன செய்வது என்று அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். மகனைத் தேடுகிற அம்மா எழுத மாட்டேன் என்றார். தனக்கு வருத்தம் வருகிற அடையாளம் எல்லோருக்கும் தெரியும், வைகாசி மாதம் வந்தால் வரும், அதை எழுதி என்ன செய்ய என்று கேட்டார். அவரை வற்புறுத்தவில்லை. வைகாசியில் ஒவ்வொரு நாளும் ஒருவர் அவர் வீட்டுப் பக்கம் போய்வருவதென்று அவர் எழுந்துபோன பிறகு எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவருக்குத் தெரியாமல் அப்படி முடிவெடுத்ததும் ஒரு வகைக் கொப்பிதானே என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கிளினிக்கில் இன்று காலை சொன்னேன். எண்ணிக்கை மட்டும் தருவோம், பெயர் தர மாட்டோம், மருந்தைப் பற்றி ஒரு பின்னேரம் வந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினால் நல்லது என்றேன். அவர் முகம் சற்று வாடியது. பிறகு, ஞாயிற்றுக்கிழமையில் தனக்கு வர இயலாது, வேறு நாளில் வைக்க முடியுமா என்று கேட்டார். திங்கட்கிழமை முன்பள்ளி நடக்கும். சனிக்கிழமை இருவருக்கு வயல். நாளைக்கு ஆசிரியையிடம் திறப்பைப் பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன்.

மல்லாவி அண்ணா, புளியங்கொட்டை எங்களிடம் இப்போது கைவசம் இல்லை. அண்ணர் வாய்க்காலடியில் குன்றிமணி பொறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பள்ளிப் பிள்ளைகள் வாயில் போட்டால் அது நஞ்சு என்று சொல்லி மறித்து, கச்சான் கோதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.